ஆடிய கால் ஓய்ந்திருக்கும் காலத்தில்



"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி ஆடிய கால், மாவுக்கட்டுடன் ஆறு வாரமோ ஒன்பது மாதமோ கட்டிலில் நீட்டிக் கிடக்க நேர்ந்தால், அந்த நாட்களை எப்படிக் கழிப்பது? இதுவே இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் பாடம்.

நான் பெங்களூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் வாயில் 'பி.டி. மாஸ்டர்'. என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வட ஆற்காடு, தர்மபுரி, சேலம், கோலார் தங்கவயல் என்று பல ஊர்களிலிருந்து பிழைப்பைத் தேடி இங்கு வந்தவர்களின் மக்கள். கை முறிந்தவர்கள், கணுக்கால் பிசகியவர்கள், முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் என எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எலும்பை மருத்துவர் பார்த்துக்கொள்வார். எலும்பு கூடும்வரை பிள்ளை மாலை ஐந்து மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. அதை வீட்டார்தான் எழுத வேண்டும்.

போவது ஆட்டம் மட்டுமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அல்சூர்ப் பக்கத்துப் பையன், நல்ல கோல்கீப்பர். முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. மூன்றாவது வாரம் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். "மாஸ்டர், வலிக்குதுன்னுகூட சொல்ல மாட்டேங்கிறான். சாயந்தரம் ஆனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான். யார்கிட்டயும் பேச்சே இல்லை" என்று கண் கலங்கினார்.

'சாயந்தரம் ஆனால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பகலில் வீட்டில் இருப்பது அவனுக்குப் பெரிய துன்பமில்லை. பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும் வேளைதான் அவனைப் படுத்தியது.

காயம் பட்ட ஆட்டக்காரனிடமிருந்து மூன்று பொருள்கள் ஒன்றாகப் பறிபோகின்றன என்பது என் அனுபவம். முதலாவது, நேரம்: தினமும் ஆடிய அந்த இரண்டு மணி நேரம் வெறுமையாகிறது. இரண்டாவது, கூட்டம்: அவனோடு ஆடியவர்கள் அவன் இல்லாமலே ஆடுகிறார்கள். மூன்றாவது, பெயர்: 'கோல்கீப்பர்' என்று அழைக்கப்பட்டவன் இப்போது யார்?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சொந்த ஊரில் பிள்ளை விழுந்தால் அத்தை, மாமா, சித்தப்பா பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். இங்கே தாயும் தந்தையும் வேலைக்குப் போனால் வீட்டில் ஆளில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று எல்லாம் கலந்து பேசும் நண்பர்களை நம் பிள்ளைக்குத் தேடித் தந்தது அந்த மைதானம்தான். அது நின்றால் ஊரே அந்நியமாகிவிடுகிறது. ஆகவே 'கால் சரியானால் தானே சரியாகிவிடுவான்' என்று விட்டுவிடாமல் நேரம், கூட்டம், பெயர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும்.

நம் ஊர் சொல்லும் சான்று

பெங்களூரில் பிறந்து, இங்கேயே ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் படித்த அனில் கும்ப்ளேயை எடுத்துக்கொள்வோம். 1999இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 74 ரன்கள் கொடுத்து 10 விக்கெட்டுகளையும் வீழ்த்தியவர். அதற்கு அடுத்த ஆண்டே பந்து வீசும் தோள் கெட்டது. தென்னாப்பிரிக்காவில் அறுவை சிகிச்சை; ஏறத்தாழ ஓராண்டு ஆட்டமில்லை. 2001இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான புகழ்பெற்ற தொடர் அவர் இல்லாமலே நடந்தது. அதில் ஹர்பஜன் சிங் மூன்று டெஸ்டில் 32 விக்கெட் எடுத்தார். முப்பது வயதான ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா? 'இனி கும்ப்ளே எதற்கு?' என்று பேசியவர்களும் உண்டு.

அவர் 2001 இறுதியில் திரும்பி வந்தார். 2008இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 619 டெஸ்ட் விக்கெட்டுகள். அவற்றில் பாதிக்கு மேல் அந்த அறுவைக்குப் பிறகு எடுத்தவை. பந்தைத் தவிர அவர் கையில் விரும்பிப் பிடித்த இன்னொரு பொருள் புகைப்படக் கருவி. காட்டு விலங்குகளையும் சக வீரர்களையும் படமெடுத்து 2010இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஆட்டத்துக்கு வெளியே ஒரு கைத்தொழிலோ கலையோ இருப்பவனுக்கு, ஆட்டம் நிற்கும் நாள் உலகம் நிற்கும் நாளாவதில்லை.

2002இல் ஆன்டிகுவாவில் தாடை உடைந்த நிலையிலும் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு கும்ப்ளே தொடர்ந்து 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்தியதைப் பிள்ளைகள் நமக்கு நினைவூட்டுவார்கள். அதன் பிறகு அவர் சிகிச்சைக்காக நேரே ஊர் திரும்பினார் என்பதையும் அவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டும்.

அல்சூரை அடுத்த கௌதமபுரம், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் பேட்டை. அந்தப் பெலேகூட 1962 உலகக் கோப்பையில் இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியே உட்கார்ந்தவர். பிரேசில் அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1970இல் மெக்சிகோவில், அவர் ஆடியே இன்னொரு கோப்பையை வாங்கினார். நம் கோல்கீப்பருக்கு நான் முதலில் சொன்ன கதை இதுதான்.

உடம்புக்கு வேலை

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லும் எந்தப் பயிற்சியையும் மருத்துவரையோ பிசியோதெரபி செய்பவரையோ கேட்காமல் தொடங்கக் கூடாது. எந்த மூட்டை அசைக்கலாம், எவ்வளவு பாரம் தாங்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

ஒரு கால் முடங்கினால் உடம்பு முழுவதும் முடங்க வேண்டியதில்லை. 1894இலேயே அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்ற உளவியல் அறிஞர் ஒரு விந்தையைக் கண்டார். ஒரு கையை மட்டும் பழக்கினால், பழக்காத மறு கைக்கும் ஓரளவு வலிமை கூடுகிறது. தசையை இயக்கும் கட்டளை மூளையிலிருந்து வருவதுதான் இதற்குக் காரணம். இன்றைய பிசியோதெரபியிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வலது கால் கட்டில் இருக்கும்போது இடது காலுக்குத் தரும் பயிற்சி வீணாவதில்லை.

மனத்தால் செய்யும் பயிற்சிக்கும் பலன் உண்டு. 1992இல் அமெரிக்காவின் யூ, கோல் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சில வாரங்கள் சுண்டுவிரல் தசையை உண்மையாக இயக்கிப் பழகியவர்களுக்கு வலிமை 30 சதவீதம் கூடியது. விரலை அசைக்காமல், இயக்குவதாக மனத்தில் எண்ணி மட்டும் பழகியவர்களுக்கு 22 சதவீதம் கூடியது. அதற்காக எண்ணமே எல்லாம் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பந்து இடப்பக்கம் வருகிறது, நான் இப்படிப் பாய்கிறேன் என்று தினம் பத்து நிமிடம் கண்ணை மூடி ஒத்திகை பார்ப்பதும் ஒரு வேலைதான் என்கிறேன்.

குடகு மண்ணில் வளர்ந்து பெங்களூரில் வாழும் டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவின் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அவர் ஐயங்கார் முறை யோகாசனத்தைப் பற்றிக்கொண்டார். கர்நாடகத்துப் பெல்லூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை அது. நாற்காலி, கயிறு, மரக்கட்டை, பட்டை இவற்றின் துணையோடு, விறைத்த உடம்புள்ளவரும் ஆசனத்தில் நிற்க வழி செய்வது. 2024இல், 43 வயதில், போபண்ணா ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆட்டம் நின்றிருந்த காலத்தை அவர் உடம்பைப் புரிந்துகொள்ளும் காலமாக்கிக்கொண்டார்.

நேரத்துக்கு வேலை

ஆடிய நேரத்தில்தான் மாற்று வேலையைச் செய்ய வேண்டும். இது மிக முக்கியம். காலையில் சதுரங்கம், மதியம் புத்தகம், மாலை ஐந்து மணிக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றால் எதுவும் பயன்படாது.

எனக்கே 52 வயதில் பூப்பந்து ஆடும்போது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்தது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. பூப்பந்து நம் தஞ்சாவூர் மண்ணில் பிறந்த ஆட்டம். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐவர். எங்கள் கூட்டம் காலை ஆறு மணிக்குக் கூடும். எட்டு மாதம் என்னால் ஆட முடியவில்லை. அந்த ஆறு மணிக்கு நான் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டேன். கடைக்காரர் பேச்சில் அதற்குக் 'கட்டிங்' என்று பெயர். முதல் மட்டைக்கு மூன்று நாள் பிடித்தது. கடைசியில் எங்கள் கூட்டத்தில் எல்லார் மட்டையும் என் வீட்டுக்கு வந்தது. மட்டை வந்தால் மனிதரும் வருவார்; மனிதர் வந்தால் காபியும் பேச்சும் தானே வரும்.

பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைகள் பல. சதுரங்கம் ஆடக் கால் வேண்டாம். ஓவியம், புல்லாங்குழல், மிருதங்கம், கேரம் எதுவும் ஆகும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறப்பாக ஒன்று சொல்வேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். உயிரும் மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, கொக்கி சேரும் முறையும் புரிந்துவிட்டால் மற்றவை தாமே வரும். ஆறு வாரக் கட்டு அவிழும்போது, ஊரிலிருக்கும் தாத்தாவுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதியிருந்தால், முறிந்த கையோ காலோ ஒரு நன்மையைச் செய்துவிட்டுப் போயிற்று என்றே சொல்லலாம்.

கைபேசியைப் பற்றிக் கேட்பீர்கள். அதை அடியோடு பிடுங்க வேண்டாம். நண்பர்களோடு பேச அது வேண்டும். ஆனால் நாள் முழுதும் பிறர் ஆடுவதை அதில் பார்த்துக் கிடப்பது மனச்சோர்வைத்தான் வளர்க்கும். பார்ப்பதானால் கையில் ஒரு நோட்டுடன் பார்க்கட்டும்.

கூட்டத்தில் ஓர் இடம்

நோட்டு என்றதும் கோல்கீப்பர் கதைக்கு வருகிறேன். ஊன்றுகோலுடன் நடக்க மருத்துவர் அனுமதித்ததும், அவனை மைதானத்துக்கு அழைத்து வரச் சொன்னேன். வெறுமனே வேடிக்கை பார்க்க அழைத்தால் வரமாட்டான். வந்தாலும் ஏக்கம்தான் கூடும். ஆகையால் ஒரு வேலை கொடுத்தேன். எதிரணி அடிக்கும் ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து வந்தது, எந்த மூலைக்குப் போனது என்று கட்டம் போட்ட தாளில் குறிக்க வேண்டும். இரண்டே வாரத்தில் அவன் இடத்தில் ஆடிய சிறுவன் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து அவனிடம் யோசனை கேட்கத் தொடங்கினான். நம் பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டான்.

மைதானத்தில் காலில்லாமல் செய்யும் வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை. கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுவது நல்ல படிப்பு. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவர் முடிந்ததும் பந்து வீசியவர் கணக்கும் மட்டை பிடித்தவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கும் இதில் ஆர்வம் பிறந்ததைப் பார்த்திருக்கிறேன். கோகோ ஆடும் ஒரு பெண், கணுக்கால் முறிவோடு விசிலும் கடிகாரமும் பிடித்து நேரம் பார்த்தாள். சிறுவர்க்குப் பழக்கித் தருவது, பந்துகளுக்குக் காற்றடித்து வைப்பது, விதிப் புத்தகத்தைப் படித்து நடுவராக நிற்பது எல்லாம் வேலைதான். கிரிக்கெட், கால்பந்துச் சங்கங்கள் நடுவர்களுக்கென்றே தேர்வும் நடத்துகின்றன.

பெயர் மாறினாலும் ஆள் மாறவில்லை

சிலருக்கு ஆட்டம் திரும்பாமலே போகலாம். இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் கூடாது, முதல் நாளே சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது. சொல்ல வேண்டிய வேளை வரும்போது, முரளிகாந்த் பேட்கரைப் பற்றிச் சொல்லுங்கள். இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சையின் பகுதியாக நீச்சல் பழகினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான்.

அந்தப் பாராலிம்பிக் போட்டியே ஒரு மருத்துவமனைத் தோட்டத்தில் முளைத்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகெலும்பு அடிபட்ட போர்வீரர்களைச் சும்மா கிடக்க விடக் கூடாது என்று மருத்துவர் லுட்விக் குட்மன் கருதினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்.

நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலில் ஊனமுற்றவர். பள்ளியில் வாலிபால் ஆடியவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். பின்னர் பெங்களூரில் பயிற்சி பெற்று 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஸ்பெயின் நாட்டு ஹூலியோ இக்லேசியஸ், ரியல் மாட்ரிட் இளைஞர் அணியில் கோல்கீப்பராக இருந்தவர். கார் விபத்தில் படுத்த படுக்கையானபோது விரல்களுக்குப் பயிற்சியாக யாரோ ஒரு கிதார் தந்தார்கள். பின்னாளில் உலகம் அறிந்த பாடகர் ஆனார்.

எல்லாரும் பதக்கம் வாங்கவோ பாடகராகவோ வேண்டியதில்லை. ஒரு கதவு சாத்தியிருக்கும்போது வேறொரு வேலையில் கை வைத்தவர்கள் இவர்கள் என்பதே நமக்குப் பாடம்.

அவசரம் வேண்டாம்

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. வலி நின்றதும் பிள்ளை பந்தைத் தேடுவான். வலி நிற்பது வேறு, குணமாவது வேறு. முழங்காலின் முக்கிய ஜவ்வுக்கு அறுவை செய்தவர்கள் ஒன்பது மாதம் ஆகும் முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மீண்டும் அறுபடும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தேதி மட்டும் போதாது; இரண்டு காலின் வலிமையும் ஏறக்குறைய சமமானதா என்று சோதித்த பின்பே இறங்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று அணியினர் வந்து கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். பெற்றோரே சொல்லிவிடுங்கள், பழி உங்கள்மேல் இருக்கட்டும்.

நம் கோல்கீப்பர் பத்து மாதம் கழித்துத் திரும்பினான். ஓராண்டு ஆடினான். பிறகு மேற்படிப்பு வந்தது, ஆட்டம் குறைந்தது. இன்று ஞாயிறுதோறும் சிறுவர் போட்டிகளுக்கு நடுவராக நிற்கிறான். விசில் ஊதக் கற்றுக்கொண்டது அந்தப் பத்து மாதத்தில்தான்.

வீட்டுப் பயிற்சி

வீட்டில் யாருக்காவது காயம் என்றால், ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

1. உடம்பு: மருத்துவர் அனுமதித்த பயிற்சிகள் எவை, தினம் எத்தனை முறை?
2. நேரம்: ஆடிய அதே வேளையில் இனி என்ன வேலை?
3. கூட்டம்: வாரத்தில் எந்த இரு நாள் மைதானத்துக்குப் போவது, அங்கே என்ன பொறுப்பு?
4. கற்றல்: கட்டு அவிழும் நாளில் புதிதாக எது தெரிந்திருக்க வேண்டும்?

தாளை எழுத வேண்டியவர் காயம்பட்டவரே. நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பெரியவர்களுக்கும் இதே தாள்தான். வயது மட்டும் வேறு.

இன்னொரு வேண்டுகோள். அடிபட்ட பிள்ளையைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிப் போவது நம் வழக்கம். அவை இருக்கட்டும். கூடவே ஒரு ஸ்கோர் நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். "சனிக்கிழமை மேட்ச் இருக்கு தம்பி, எழுத ஆள் இல்லை. நீ வரணும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.